பட்ஜெட் இல்லாத 736 நாட்கள்: வரிசையில் கடைசியில் நின்றவர்கள் யார்?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் இல்லினாய் என்றொரு மாநிலம் இருக்கிறது. சிகாகோ நகரம் இருக்கும் மாநிலம் என்றால் சட்டென்று புரியும். ஏறத்தாழ 1.3 கோடி மக்கள். 2015 ஜூலை 1 முதல் 2017 ஜூலை 6 வரை, மொத்தம் 736 நாட்கள், அந்த மாநிலத்துக்கு முழுமையான பட்ஜெட் கிடையாது. போர் நடக்கவில்லை, புயல் அடிக்கவில்லை. சட்டமன்றம் கூடிக்கொண்டுதான் இருந்தது. ஆளுநர் அலுவலகத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் மட்டும் நிறைவேறவில்லை.

இதை ஏன் நாம் இங்கே உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் மாநில பட்ஜெட் கெடு தவறுவது புதிய செய்தி அல்ல. 2025ல்கூட பென்சில்வேனியா மாநிலம் ஜூன் 30 கெடுவைத் தவறவிட்டு நவம்பரில்தான் பட்ஜெட்டை நிறைவேற்றியது. இல்லினாயை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அந்தத் தேக்கம் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. ஒரு வாரம் தாமதமானால் எல்லோரும் சமாளித்துவிடுவார்கள். இரண்டு ஆண்டுகள் என்றால், யாருக்குப் பணம் வந்தது, யாருக்கு வரவில்லை என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும். ஒரு சமூகம் தன் மக்களை எந்த வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறது என்பதை அந்த 736 நாட்கள் காட்டிக் கொடுத்தன.

முதலில் அங்கே இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆளுநர் என்றதும் நம்முடைய ராஜ்பவன் உங்கள் நினைவுக்கு வந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். அங்கே ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர், நம் முதலமைச்சரைப் போல நிர்வாகத்தின் தலைவர். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே சட்டமன்றத்தில் பட்ஜெட் தோற்றால் ஆட்சி கவிழும். அங்கே கவிழாது. ஆளுநர் நான்கு ஆண்டுகளும் நாற்காலியில் இருப்பார், சட்டமன்றமும் இருக்கும். முட்டிக்கொண்டே இருக்கலாம், யாருக்கும் பதவி போகாது.

இல்லினாயில் நிதியாண்டு ஜூலை 1ல் தொடங்குகிறது. சட்டமன்றத்துக்கு உண்மையான கெடு மே 31 நள்ளிரவு. அதற்குள் நிறைவேற்றினால் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதைத் தாண்டினால், உடனே நடைமுறைக்கு வர வேண்டிய எந்தச் சட்டத்துக்கும் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும் என்கிறது மாநில அரசமைப்பு. கீழவையில் 118 இடங்கள், ஆக 71 வாக்கு. அன்றைக்கு ஜனநாயகக் கட்சிக்கு அங்கே இருந்தது சரியாக 71 பேர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் போதும், கணக்கு தீர்ந்தது.

ஆளுநர் புரூஸ் ரவுனர், குடியரசுக் கட்சி. தனியார் முதலீட்டு நிறுவனம் நடத்திப் பெரும் பணம் சேர்த்தவர், 2015 ஜனவரியில் பதவிக்கு வந்தார். எதிரே கீழவைத் தலைவர் மைக்கேல் மேடிகன், பல பத்தாண்டுகளாகச் சட்டமன்றத்தைக் கைக்குள் வைத்திருந்தவர். (இவர் பின்னாளில் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார். யாரையும் புனிதராக்கிப் பேச நான் வரவில்லை.) 2011ல் தற்காலிகமாக 5 சதவீதமாக உயர்த்தப்பட்ட வருமான வரி, 2015 ஜனவரி 1 அன்று தானாக 3.75 சதவீதத்துக்கு இறங்கியது. மாநில வருமானத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. ஜனநாயகக் கட்சியினர் வருமானத்தை மிஞ்சிய செலவோடு ஒரு பட்ஜெட்டை நிறைவேற்றி அனுப்பினார்கள். ரவுனர் சொன்னார்: புதிய வரிக்கு நான் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், முதலில் என் சீர்திருத்தத் திட்டத்துக்கு நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள். அந்தத் திட்டத்தின் நடுவில் இருந்தது தொழிற்சங்கங்களின் கூட்டுப் பேர உரிமையைக் குறைப்பது. இப்படி, மக்களின் அன்றாடத் தேவை பேரத்துக்கான பிணையாகிப் போனது.

2015 ஜூனில் வந்த பட்ஜெட்டை அவர் வீட்டோ செய்தார். ஒன்றே ஒன்றில் மட்டும் கையெழுத்துப் போட்டார், பள்ளிக்கல்விக்கான ஒதுக்கீட்டில். இதை நான் கருணை என்று படிக்கவில்லை. ஆகஸ்டில் பள்ளிகள் திறக்காமல் போனால் புறநகர்ப் பெற்றோர்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள், அவர்கள் அவருடைய வாக்காளர்கள். பள்ளிக்குப் பணம் போன பிறகு மீதியை இழுத்தடிக்கலாம் அல்லவா?

சரி, பட்ஜெட் இல்லாவிட்டால் பணம் முழுவதும் நின்றுபோக வேண்டும். ஆனால் நிற்கவில்லை. மாநிலச் செலவில் மிகப் பெரும்பகுதி வழக்கம்போல் போய்க்கொண்டே இருந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கு ஒரு தவணைகூடத் தவறவில்லை. சட்டம் அவர்களை முதலில் நிறுத்தியிருக்கிறது. ஓய்வூதிய நிதிக்கும் தொடர் ஒதுக்கீட்டுச் சட்டம் உண்டு. அரசு ஊழியர்கள் நீதிமன்றம் போனார்கள், பட்ஜெட் இல்லாவிட்டாலும் சம்பளம் கொடு என்று 2015 ஜூலையிலேயே உத்தரவு வாங்கினார்கள். அரசுப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளுக்கும், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும், ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்துக்கும் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பாணைகள் இருந்தன. கவனியுங்கள், இவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. குழந்தைகளுக்கான வழக்கு 1988ல் தொடுக்கப்பட்டது, குறைபாடு உள்ளவர்களுக்கானது 2005ல். யாரோ ஆண்டுக்கணக்கில் அலைந்து, வழக்காடி, "இது உன் தயவு இல்லை, எங்கள் உரிமை" என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காகிதம் 2015ல் அவர்களைக் காப்பாற்றியது.

அப்படிக் காகிதம் எதுவும் இல்லாதவர்கள் இரண்டே பெரிய கூட்டம். ஒன்று, அரசின் சார்பில் சமூகப் பணி செய்யும் அமைப்புகளும் அவற்றை நம்பியிருக்கும் ஏழைகளும். இரண்டு, அரசுப் பல்கலைக்கழகங்களும் அங்கே படிக்கிற மாணவர்களும்.

முதல் கூட்டத்துக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இல்லினாய் லூத்தரன் சமூகச் சேவை அமைப்பு, மாநிலத்தின் பழைய தொண்டு நிறுவனங்களில் ஒன்று. 2016 ஜனவரியில் 750 வேலைகளைக் குறைத்தது, அதன் ஊழியர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல். முதியவர்களை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்வது, போதை மீட்பு, சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு உதவுவது போன்ற வேலைகள் அடிபட்டன. பணம் வராத அமைப்புகள் பல ஒன்றுசேர்ந்து 2016ல் வழக்குப் போட்டன: "எங்களோடு ஒப்பந்தம் போட்டாய், வேலை வாங்கினாய், கூலி கொடு." நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே மாநிலம், அதே ஆண்டுகள். சம்பளக்காரருக்கு உத்தரவு கிடைத்தது, ஒப்பந்தக்காரருக்குக் கிடைக்கவில்லை. 2016 ஜூன் 30 அன்று ஓர் இடைக்கால ஒதுக்கீட்டை அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களின் காப்பகங்களுக்கான பணம் அதில் விடுபட்டிருந்தது. காப்பகம் நடத்துகிறவர்களுக்கே அது பல மாதங்கள் கழித்துத்தான் தெரிய வந்தது.

இரண்டாவது கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள்.

சிகாகோவின் தெற்குப் பகுதியில் சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பலர் வேலை பார்த்துக்கொண்டே, குழந்தை வளர்த்துக்கொண்டே, முப்பது வயதுக்கு மேல் பட்டம் வாங்க வருகிறவர்கள். கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் பாடம் சொன்ன இடம் அது. மாநிலம் தர வேண்டிய தொகை ஆண்டுக்குச் சுமார் 3.6 கோடி டாலர், அதன் செலவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. அது வரவில்லை. 2016 பிப்ரவரியில் நிர்வாகம் நிதி நெருக்கடி நிலையை அறிவித்தது. வசந்தகால விடுமுறையை ரத்து செய்து பருவத்தை முன்கூட்டியே முடித்தார்கள். வேலைநீக்கம் வரலாம், சாவிகளைத் திருப்பித் தாருங்கள் என்று ஊழியர்களிடம் கேட்டார்கள். பேராசிரியர் முதல் துப்புரவாளர் வரை எல்லோரிடமும் சாவி கேட்கிற ஒரு பல்கலைக்கழகத்தை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் முடிவில் 300க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர்வலம் போனார்கள், தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனார்கள். அதனால் ஏப்ரலில் உயர்கல்விக்கு 60 கோடி டாலர் அவசர உதவி வந்தது. ஆனால் சேதம் நடந்துவிட்டது. மூடப்போகிற கல்லூரி என்று பெயர் வாங்கிய இடத்தில் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? 2016 இலையுதிர் பருவத்தில் அங்கே சேர்ந்த முதலாண்டு மாணவர்கள் 86 பேர். எண்ணூறு அல்ல, எண்பத்தாறு.

இதே மாநிலத்தில், இதே சட்டத்தின் கீழ், அர்பானா-ஷாம்பெயினிலும் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உலகப் புகழ் பெற்றது. அதற்கும் மாநிலப் பணம் வரவில்லைதான். ஆனால் அதற்குச் சேமிப்பு இருந்தது, நன்கொடையாளர்கள் இருந்தார்கள், வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம் இருந்தது. நம் ஊரிலிருந்து எம்.எஸ். படிக்கப் போகிற பிள்ளைகள் கட்டும் கட்டணமும் அதில் அடக்கம். அது மூச்சுத் திணறாமல் தாண்டிவிட்டது. கெடு எல்லோருக்கும் ஒரே தேதிதான். அதன் அடி எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழவில்லை. "நாங்கள் யாரையும் பாகுபடுத்தவில்லை, எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும்தானே நிறுத்தினோம்" என்று சொல்லலாம். சட்டத்தின் எழுத்தில் அது உண்மையும்கூட. ஆனால் தலைமுறைகளாகச் சேமிக்க விடப்படாதவர்களையும், சேமித்து வைத்தவர்களையும் ஒரே நாளில் பட்டினி போட்டால், யார் முதலில் சாய்வார்கள் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

சிகாகோ ஸ்டேட்டில் முன்பிருந்தே நிர்வாகக் கோளாறுகள் இருந்தன, பட்டம் முடிப்போர் விகிதம் குறைவு, அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று அப்போதே கேட்டார்கள். கோளாறுகள் இருந்தது மெய். ஆனால் இந்தக் கேள்வி எப்போதும் யாரைப் பார்த்துக் கேட்கப்படுகிறது என்று நமக்குத் தெரியும். விடுதியில் சோறு சரியில்லை என்று மாணவர்கள் போராடினால், "இலவசமாகத் தங்கிக்கொண்டு" என்று ஆரம்பிக்கிற அதே குரல்தான் இது.

ஏழை மாணவர்களுக்கான 'மேப்' கல்வி உதவித்தொகையும் நின்றது. அதை நம்பியிருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சில கல்லூரிகள் தம் கையிலிருந்து போட்டுச் சமாளித்தன, சில மாணவர்களிடமே கேட்டன. எனக்கும் ஒருமுறை ஆய்வு உதவித்தொகை எட்டு மாதம் கழித்து வந்தது. வந்தபோது மொத்தமாக, ஒரு காசு குறையாமல் வந்தது. அலுவலகத்தில் "அதான் வந்திருச்சே" என்றார்கள். எட்டு மாதத்தில் வாங்கிய கைமாத்துக்குக் கொடுத்த வட்டியை அவர்கள் எந்தத் தலைப்பில் எழுதுவார்கள்?

வட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. இல்லினாய்ச் சட்டப்படி, அரசுக்குப் பொருளும் சேவையும் கொடுத்தவர்களின் பில் 90 நாளைத் தாண்டினால் மாதம் ஒரு சதவீதம் தாமத வட்டி தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் சிறிய ஒப்பந்தக்காரர்களால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. எனவே நிதி நிறுவனங்கள் உள்ளே வந்தன. அரசே ஏற்பாடு செய்த திட்டத்தின் வழியாக அந்த பில்களை அவை வாங்கிக்கொண்டன, தாமத வட்டி அவற்றின் கைக்குப் போனது. கடைசியில் மாநிலத்தின் மீது ஏறிய தாமத வட்டி 100 கோடி டாலரைத் தாண்டியது. முதியவருக்கு வீட்டு உதவியாளர் வரவில்லை, மாணவருக்கு உதவித்தொகை வரவில்லை. அவர்கள் காத்திருந்த காலத்துக்கு யாரும் வட்டி தரவில்லை. தாமதத்தையே முதலீடாகப் போட்டவர்களுக்கு மாதம் ஒரு சதவீதம்.

ஒரு சின்ன நகைச்சுவை. 2015ல் இல்லினாய் அரசு லாட்டரியில் பெரிய தொகை வென்றவர்களுக்கும் பணம் தர முடியவில்லை. காசோலைக்குப் பதிலாக "பிறகு தருகிறோம்" என்ற உறுதிமொழிதான் கிடைத்தது. சீட்டு விற்பனை மட்டும் நிற்கவில்லை. இன்னொன்று: 2016ல் மாநிலக் காசோலைகளை எழுதும் அதிகாரியான லெஸ்லி மங்கர், சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளமும் மற்ற பில்களோடு வரிசையில் நிற்கட்டும் என்று முடிவெடுத்தார். உறுப்பினர்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள், 2017 மார்ச்சில் அவர்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. காப்பகம் நடத்திய பெண்களுக்கு இப்படி ஓர் உத்தரவு வந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

எப்படி முடிந்தது? 2017 ஜூன் 1 அன்று ஸ்டாண்டர்ட் அண்ட் பூர்ஸ் நிறுவனம் மாநிலத்தின் கடன் தர மதிப்பை 'குப்பை' என்று அழைக்கப்படும் நிலைக்கு ஒரு படி மேலே வரை இறக்கியது. இனியும் பட்ஜெட் இல்லையென்றால் குப்பைதான் என்றது. ஜூன் 30 அன்று கூட்டாட்சி நீதிபதி ஜோன் லெஃப்கோ, மருத்துவத் திட்டத்துக்காக மாதம் 58.6 கோடி டாலர் கொடு என்று உத்தரவிட்டார். கொடுக்கப் பணமே இல்லை. அப்போதுதான் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் சிலர் கட்சி மாறி வாக்களித்தார்கள். வருமான வரி 4.95 சதவீதமானது. ரவுனர் வீட்டோ செய்தார், ஜூலை 4 அன்று மேலவையும் 6 அன்று கீழவையும் அதை முறியடித்தன. கீழவையில் வரி மசோதாவுக்குக் கிடைத்தது சரியாக 71 வாக்கு. அதற்குள் கட்டாத பில்கள் சுமார் 1,500 கோடி டாலர்.

மாணவர்கள் ஊர்வலம் போனபோது ஒரு துண்டு கிடைத்தது. கடன் கொடுத்தவர்கள் முகம் சுளித்தபோது முழு பட்ஜெட்டும் கிடைத்தது. கடன் பத்திரத் தவணையை முதல் மாதமே நிறுத்தியிருந்தால் 736 நாட்கள் ஆகியிருக்காது, 7 நாளில் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. வலுவானவர்களுக்கு எல்லாம் வந்துகொண்டே இருந்ததால்தான் முட்டுக்கட்டை இவ்வளவு நாள் நின்றது.

அந்த 4.95 சதவீதத்தையும் கொஞ்சம் பாருங்கள். இல்லினாயின் 1970 அரசமைப்புப்படி வருமான வரி எல்லோருக்கும் ஒரே விகிதம்தான். கோடீஸ்வரருக்கும் கடை ஊழியருக்கும் ஒன்றே. 2020ல் இதை மாற்றி, கூடுதல் வருமானத்துக்குக் கூடுதல் விகிதம் என்று ஆக்க வாக்கெடுப்பு நடந்தது. பெரும் பணக்காரர்கள் கோடிகளைக் கொட்டிப் பிரச்சாரம் செய்தார்கள். திருத்தம் தோற்றது. இங்கே எனக்கு அண்ணலின் பேச்சு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1927 பிப்ரவரியில், பம்பாய் சட்டசபைக்குப் புதிதாகப் போன அம்பேத்கர் பட்ஜெட் விவாதத்தில் பேசினார். வருமானமே இல்லாதவன் வருமான வரி கட்ட வேண்டியதில்லை, ஆனால் உழவன் விளைந்தாலும் விளையாவிட்டாலும் நிலவரி கட்ட வேண்டும், இது என்ன நியாயம் என்று கேட்டார். அவருடைய கொலம்பியா ஆய்வேடே மாகாண நிதி பற்றியதுதான். பட்ஜெட் என்பது பொருளாதார நிபுணர்களின் விஷயம், நமக்கு எதற்கு என்று ஒதுங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் பட்ஜெட் கெடு தவறுவதில்லை. முன்பே சொன்னேன், தவறினால் ஆட்சி போய்விடும். அதனால் விவாதமே இல்லாமல்கூட நிறைவேற்றுவார்கள். 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான ஒன்றிய பட்ஜெட்டை மக்களவை விவாதமின்றி நிறைவேற்றியது. எனவே இங்கே தாமதம் சட்டமன்றத்தில் நடப்பதில்லை, அதற்குப் பிறகு நடக்கிறது. ஒதுக்கீடு அறிவிப்பில் இருக்கும், பணம் விடுவிக்கப்படாது. அல்லது பிப்ரவரியில் விடுவிக்கப்படும், மார்ச் 31ல் செலவாகவில்லை என்று திரும்பிப் போகும். கல்வி உதவித்தொகையை எதிர்பார்த்துக் கல்லூரியில் தலைகுனிந்து நின்ற அனுபவம் இங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது என்று நான் கைதூக்கச் சொல்லவில்லை.

பட்டியல் சாதி மக்களுக்கான சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979-80ல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் அது வெறும் வழிகாட்டுதல், சட்டம் அல்ல. அதாவது இல்லினாய் வரிசையில் காகிதம் இல்லாதவர்களின் இடம். ஒன்றுபட்ட ஆந்திரா 2013ல் சட்டம் கொண்டுவந்தது, அதே ஆண்டு கர்நாடகம். தெலங்கானா 2017ல் கொண்டுவந்த சட்டத்தில் செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வழி உண்டு. தமிழ்நாட்டில் 2024ல்தான் சட்டம் வந்தது. சமூகநீதி மண் என்று நாம் நாள்தோறும் சொல்லிக்கொள்கிற மண்ணில் இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஒன்றிய அளவில் அப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை.

ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? தெலங்கானாவையும் கர்நாடகத்தையும் பற்றி ஆய்வு செய்கிற நண்பர்கள் பல குறைகள் சொல்கிறார்கள், அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இப்போதைக்கு உங்களிடம் நான் கேட்பது ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். வழக்கமாக நாம் "எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள்" என்று கேட்கிறோம். இனி தேதியையும் கேளுங்கள். அரசாணை வந்த தேதி எது, கருவூலத்திலிருந்து பணம் போன தேதி எது, மாணவரின் வங்கிக் கணக்கில் விழுந்த தேதி எது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாவட்டவாரியாக ஒரு அட்டவணை போடுங்கள். அதே காலத்தில் ஒப்பந்தக்காரர்களின் பெரிய பில்கள் எத்தனை நாளில் போயின என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த வட்டத்திலேயே நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு பருவத்துக்குள் முடிக்கலாம், மனு எழுதுவதில் என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.

நேரம் தாண்டிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கையைக் காட்டுகிறார். கேள்விகளுக்குப் போகலாம்.